மைக்கோரைசா போட்டா செடி வறட்சி தாங்குமா? புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

மைக்கோரைசாங்கறது செடியோட வேர்ல கூட்டு சேந்து வாழற பூஞ்சை. அதோட பொடி ஒரு ஸ்பூன் போட்டா போதும், தண்ணிய பாதியா குறைச்சுக்கலாம்னு பாக்கெட்ல போட்டிருக்கறத நம்பி வாங்கறவங்கதான் ஜாஸ்தி. பூஞ்சை செடிய வறட்சில காப்பாத்துமான்னா காப்பாத்தும், ஆனா அது உங்க மண்ணுல வேலை செய்யுமா செய்யாதான்னு முடிவு பண்றது அந்தப் பொடி இல்ல, மண்ணுல ஏற்கனவே எவ்வளவு மணிச்சத்து, அதாங்க பாஸ்பரஸ், கெடக்குங்கறதுதான். அதனால இங்க பொடி நாலாவதாதான் வரும், அதுக்கு முன்னாடி வேற வேலை இருக்கு.

மண்ணு காயும்போது உள்ள என்ன நடக்குது

இத மொதல்ல பாத்துருவோம், இது புரியாம ஸ்டெப்ப மட்டும் ஃபாலோ பண்ணா எங்க சொதப்புச்சுன்னே தெரியாது.

மண்ணு காஞ்சா செடிக்குத் தண்ணி கெடைக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், கூடவே சாப்பாடும் நின்னு போகுதுங்கறதத்தான் யாரும் கவனிக்கறதில்ல. நைட்ரேட் மாதிரி சத்து, வேர் இழுக்கற தண்ணியோட சேந்து ஓடி வந்துரும். மணிச்சத்து அப்படி வராது, மண் துகள் மேல ஒட்டியிருக்கற மெல்லிசான தண்ணிப் படலம் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஊர்ந்துதான் வரணும், மண்ணு காயக் காய அந்தப் படலம் அங்கங்க அறுந்து போகும், வழி சுத்து வழியாயிரும். கடைசில வேரச் சுத்தி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள இருக்கற மணிச்சத்த செடி எடுத்து முடிச்சிரும், அதுக்கு அந்தப் பக்கம் நெறைய இருந்தாலும் எட்டாது. வேரும் வறட்சில லேசா சுருங்கும், வேருக்கும் மண்ணுக்கும் நடுவுல காத்து இடைவெளி விழும், அப்புறம் அந்த எடத்துல ஒண்ணும் வராது.

ஆர்பஸ்குலர் மைக்கோரைசான்னு சொல்ற பூஞ்சை, உரக்கடைல வேம் (VAM)னு சொன்னா புரியும், இந்த எடத்துலதான் உதவிக்கு வருது. இதோட இழை 2ல இருந்து 10 மைக்ரான் தடிமன்தான், வேர் மேல முடி மாதிரி இருக்கற வேர்த் தூவி நொழைய முடியாத துளைக்குள்ள கூட இது போயிரும், வேர்ல இருந்து பல சென்டிமீட்டர் தள்ளிப் போய் மணிச்சத்து, துத்தநாகம் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து வேர் செல்லுக்குள்ளயே கொண்டு வந்து கொடுக்கும். அந்தக் காத்து இடைவெளியயும் இழைங்க தாண்டிரும். ஸ்காட்லாந்துல ரைனிங்கற ஊர்ல கெடைச்ச சுமார் 40 கோடி வருஷத்து ஃபாசில்ல கூட, அப்போ இருந்த சின்னச் செடிங்களுக்குள்ள இதே மாதிரி பூஞ்சை இருந்திருக்கு, அதாவது ஒழுங்கான வேர் வர்றதுக்கு முன்னாடியே செடிங்க இதுகூட ஒப்பந்தம் போட்டிருச்சு.

ஒப்பந்தம்னா சும்மா இல்ல. செடி தயாரிக்கற கார்பன்ல சுமார் 4ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் சர்க்கரையாவும் கொழுப்பாவும் பூஞ்சைக்குப் போகுது. அது பெரிய செலவு, அதனால தேவை இல்லாதப்ப செடி இந்தச் செலவப் பண்ணாது. மணிச்சத்து பத்தலைன்னா வேர் ஸ்ட்ரிகோலாக்டோன்னு ஒரு பொருளக் கசியவிட்டு பூஞ்சையக் கூப்பிடும், மணிச்சத்து தாராளமா இருந்தா அந்தக் கசிவக் குறைச்சிக்கும், பூஞ்சை வாசல்லயே நிக்கும். மணிச்சத்து நெறைய இருக்கற டிஏபி உரத்த அள்ளிக் கொட்டிட்டு அதுமேல வேம் பொடியத் தூவறவங்களுக்கு ஏன் ஒண்ணும் நடக்கலன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

பூஞ்சை தண்ணியயே நேரா தூக்கிட்டு வந்து செடிக்குக் குடுக்குதாங்கறது ரொம்ப வருஷமா சண்டையா இருந்த விஷயம். 2022ல வந்த ஒரு ஆராய்ச்சில, வேர் தாண்ட முடியாத, இழை மட்டும் தாண்டற மாதிரி ஒரு காத்து இடைவெளி வெச்சு, அந்தப் பக்கம் அடையாளம் போட்ட தண்ணிய ஊத்தி, அது காட்டு ஓட்ஸ் செடிக்குள்ள வந்து சேர்றதக் காட்டுனாங்க. அதனால கொண்டு வரத்தான் செய்யுது. ஆனா என்னக் கேட்டா புதுசா ஆரம்பிக்கறவங்க இதப் பெருசா எடுத்துக்க வேண்டாம், பெரும்பாலான பலன் வேற வழில வருது: சத்து நிக்காம வர்றதால செடி தெம்பா இருக்கு, இலைத் துளை சீக்கிரம் மூடிக்காம கொஞ்ச நாள் கூடுதலா வேலை செய்யுது, இழைங்க மண் துகள்களப் பிடிச்சுக் கட்டி கட்டியா ஆக்கறதால மண்ணும் தண்ணியக் கொஞ்சம் நல்லா பிடிச்சு வெச்சிக்குது.

படி 1: மண்ணுல மணிச்சத்து எவ்வளவுன்னு பாருங்க

மண் பரிசோதனை கொடுங்க, ரிப்போர்ட்ல கெடைக்கக்கூடிய மணிச்சத்துங்கற வரியப் பாருங்க. கார மண்ணுக்கும் நடுநிலை மண்ணுக்கும் ஓல்சன் முறை, அமில மண்ணுக்கு பிரே முறைன்னு பண்ணுவாங்க, ரெண்டு நம்பரும் ஒண்ணு இல்ல, ஒண்ணோட அளவுகோல வெச்சு இன்னொண்ணப் படிக்காதீங்க. குறைவுன்னோ நடுத்தரம்னோ வந்தா பூஞ்சைக்கு நல்ல எடம். அதிகம்னு வந்தா பொடி வாங்கற காச மிச்சம் பண்ணிட்டு, மணிச்சத்து போடறத நிறுத்துங்க, அவ்வளவுதான், செடிங்க எடுக்க எடுக்க அளவு தானா எறங்கும், ஆனா வருஷக்கணக்குல ஆகும்.

நான் கெமிக்கலே போடறதில்லயேன்னு சொல்றவங்களும் இங்க மாட்டிக்கறாங்க. கோழி எருவும் எலும்புத் தூளும் மணிச்சத்து மூட்டைதான். தழைச்சத்து தேவைக்குக் கணக்குப் பண்ணி கோழி எரு போட்டா, கூடவே போற மணிச்சத்து செடி எடுக்கறத விட ஜாஸ்தியா இருக்கும், மிச்சம் மண்ணுல சேந்துட்டே வரும். தொட்டில வளக்கறவங்க சீசனுக்குச் சீசன் கம்போஸ்ட்டா போட்டு நெரப்பியிருப்பாங்க, அங்கயும் இதே கதைதான்.

படி 2: செடி பூஞ்சைய ஏத்துக்கற ஜாதியா

நிலத்துல இருக்கற செடி வகைல சுமார் 70 சதவீதத்துக்கு மேல இந்த ஆர்பஸ்குலர் பூஞ்சையோட சேரும். சேராதது எதெதுன்னு மட்டும் தெரிஞ்சிக்கிட்டா போதும்: முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு குடும்பம் மொத்தமும் சேராது, பீட்ரூட், ஸ்பினாச், முளைக்கீரை, தண்டுக்கீரை இருக்கற குடும்பமும் பொதுவா சேராது. இதுக்கெல்லாம் வேம் பொடி போடறது வீண்.

சேர்றதுலயும் எல்லாம் ஒரே மாதிரி இல்ல. வெங்காயம், மரவள்ளி, எலுமிச்சை வகைங்க எல்லாம் தடிச்ச வேரு, தூவி கம்மி, அதனால பூஞ்சை இல்லன்னா ரொம்ப திணறும். மெல்லிசா நெறைய வேர் விடற புல் வகைங்க ஓரளவு தானே சமாளிச்சிக்கும். பைன், ஓக், யூகலிப்டஸ் மரங்களுக்கு வேற வகை, எக்டோமைக்கோரைசா, வேர் நுனி மேல உறை மாதிரி போத்திக்கும். காய்கறிக்கு விக்கற பொடி பைனுக்கு உதவாது, யூகலிப்டஸ் மட்டும் ரெண்டு வகையோடயும் சேரும்.

படி 3: ஏற்கனவே இருக்கற பூஞ்சையக் கொல்லாதீங்க

உண்மைல இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமான படி, செலவே இல்லாததும் இதுதான், ஆனா பாக்கெட் எதுவும் வாங்க வேண்டியதில்லங்கறதால யாரும் சீரியஸா எடுத்துக்கறதில்ல. கெட்டுப் போகாத மண்ணு எதுலயும் பூஞ்சை இருக்கும். மண்ணுக்குள்ள இழை வலை முழுசா இருந்தா, புதுசா மொளைக்கற நாத்து அந்த வலைல சேந்துக்கிட்டு சில நாள்லயே பலன் வாங்க ஆரம்பிச்சிரும். ரோட்டவேட்டர் விட்டு மண்ண மாவாக்கினா வலை அறுந்துரும், பூஞ்சை மறுபடி அதோட வித்துல, அதாவது விதை மாதிரி இருக்கற ஸ்போர்ல, இருந்து ஆரம்பிக்கணும். அதனால நடற குழிய மட்டும் தோண்டுங்க, போன பயிரோட வேரப் புடுங்காம தரையோட அறுத்துட்டு வேர உள்ளயே விட்டுருங்க.

அடுத்தது, மண்ண வெறுமையா விடாதீங்க. இந்தப் பூஞ்சை உயிருள்ள வேர் இல்லாம வாழாது, வித்துங்க கொஞ்ச காலம் தாங்கும், அதுவும் போகப் போக குறையும். ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்துப் பக்கம் தண்ணி சேக்கறதுக்காக நெலத்த ரொம்ப நாள் தரிசா போட்டு வெச்சிட்டு அப்புறம் விதைச்சா, மண்ணுல ஈரம் நல்லா இருந்தும் பயிர் மஞ்சளா குட்டையா நின்னுச்சு, மணிச்சத்தும் துத்தநாகமும் பத்தாத மாதிரி அறிகுறி. நீண்ட தரிசுக் கோளாறுன்னு பேரு வெச்சாங்க, காரணம் என்னன்னா தரிசு காலத்துல மைக்கோரைசா செத்துக் குறைஞ்சிருச்சு, 1987ல ஜே.பி. தாம்ப்சன்ங்கற ஆராய்ச்சியாளர் இத வெளியிட்டாரு. தண்ணிய மிச்சம் பிடிச்சு பூஞ்சையத் தொலைச்ச கதை இது, இந்த விஷயத்துக்கு இதவிட நல்ல உதாரணம் கெடையாது. கோஸ், முள்ளங்கின்னு தொடர்ந்து போட்டாலும் பூஞ்சைக்கு கிட்டத்தட்ட தரிசு மாதிரிதான், நடுவுல சோளமோ பயறோ ஒண்ணு போடுங்க.

பூஞ்சாணக் கொல்லி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கார்பெண்டசிம் வேர்ல ஊத்தாதீங்க. ஆராய்ச்சிக்காரங்க மைக்கோரைசா இல்லாத நெலம் வேணும்னா பெனோமில்னு ஒரு மருந்தத்தான் ஊத்துவாங்க, அது மண்ணுல ஒடைஞ்சு ஆகறது கார்பெண்டசிம்தான். இலைல வர்ற நோய்க்கு இலைல அளவா தெளிங்க, வழிஞ்சு மண்ணுக்குப் போற அளவுக்கு வேண்டாம்.

படி 4: பொடி வேணுமா, வேணும்னா எப்படிப் போடறது

புது கோகோபீட், பாக்கெட் மண்ணு, வேக வெச்ச நர்சரி கலவை, மேல் மண்ணெல்லாம் வழிச்சு எடுத்த நெலம், இதுலயெல்லாம் பூஞ்சை இருக்காது, அங்க பொடி நெஜமா பிரயோஜனம். பல வருஷமா செடி இருக்கற தோட்டத்துல பெருசா வித்தியாசம் தெரியாது.

லேபிள்ல ரைசோஃபாகஸ், ஃபனெலிஃபார்மிஸ், குளோமஸ் மாதிரி மைக்கோரைசா பூஞ்சையோட பேரு இருக்கணும். டிரைக்கோடெர்மா இருந்தா அது வேற சாமான், நோய்ப் பூஞ்சைய அடக்கறதுக்கு நல்லது, ஆனா மைக்கோரைசா இல்ல, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு வாங்கறவங்க ரொம்பப் பேரு. பாக்கெட்டுக்குள்ள உரமும் கலந்திருக்கான்னு பாருங்க, அப்படின்னா செடி செழிக்கறது உரத்தாலயா பூஞ்சையாலயான்னு சொல்லவே முடியாது. தேதி பழசா இருந்தா விட்டுருங்க, வெயில்ல கெடந்த பாக்கெட்டும் அப்படித்தான், சோதிச்சுப் பாத்த பல பொடிங்கள்ல உயிரோட இருக்கற வித்தே சரியா இல்லன்னு ஆய்வுகள் சொல்லுது.

மேல தூவி தண்ணி ஊத்தினா ஆகாது. பொடி வேர்ல படணும். விதைக்குக் கீழ ஒரு சென்டிமீட்டர் ஆழத்துல வைங்க, இல்லன்னா நாத்து நடும்போது வேர்ல தடவி நடுங்க. வேருக்குள்ள ஒழுங்கா பிடிக்க மூணு நாலு வாரமாச்சும் ஆகும், அதனால செடி வாடினதுக்கு அப்புறம் போடறதுல அர்த்தமே இல்ல, ஈரம் இருக்கறப்பவே போட்டு வளத்து வெச்சிக்கணும்.

நீங்களே தயார் பண்ணிக்கலாம், கஷ்டம் இல்ல. நல்லா செழிச்ச, ரொம்ப நாளா கெளறாத எடத்துல இருந்து, நோய் இல்லாத புல்லோட வேர் மண்ணு ஒரு பங்கு எடுத்துக்கங்க, கழுவின மணல் நாலு பங்கு கலந்து தொட்டில போடுங்க, சோளமோ மக்காச்சோளமோ வெங்காயமோ விதைங்க. மணிச்சத்து உரம் மட்டும் போடவே கூடாது, மத்த சத்து லேசா குடுங்க. மூணு நாலு மாசம் வளத்துட்டு தண்ணிய நிறுத்திருங்க, செடி காயக் காய பூஞ்சை வித்துங்கள உருவாக்கும். ரெண்டு வாரம் கழிச்சு மேல இருக்கறத வெட்டிப் போட்டுட்டு வேரப் பொடியா நறுக்கி அதே மணல்ல கலந்து நெழல்ல வைங்க, இதுதான் உங்க பொடி. ஒரே ஒரு ரிஸ்க், வேர் அழுகல், நூற்புழு எல்லாம் கூடவே வரலாம், அதனால தக்காளிக்குப் போடப் போறீங்கன்னா தக்காளி குடும்பத்துச் செடில வளக்காதீங்க.

படி 5: வறட்சி வர்றதுக்கு முன்னாடி உரத்தச் சரி பண்றது

தழைச்சத்த அளவோட குடுங்க. யூரியா ஜாஸ்தியான செடி இலை இலையா தள்ளும், வேர் அந்த அளவுக்குப் போகாது, வறட்சி வர்றப்ப பெரிய இலைப் பரப்புல தண்ணி ஆவியா போயிட்டே இருக்கும், கீழ இருந்து எடுக்க வேர் பத்தாது. பாக்க பச்சைப் பசேல்னு இருக்கற செடிதான் மொதல்ல தலையத் தொங்கப் போடும்.

சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ், இதுக்கு நேர் எதிர். இலைத் துளைய தெறந்து மூடற செல்லுங்க பொட்டாசியத்த உள்ள இழுத்து வெளிய விட்டுத்தான் வேலை செய்யுது, அது பத்தலைன்னா துளை மூடறது லேட்டாகும், அதுக்குள்ள தண்ணி போயிரும். பழைய இலை ஓரம் கருகற மாதிரி தெரிஞ்சா பொட்டாஷ் குறைவான்னு ரிப்போர்ட்ல பாருங்க.

நேரம் ரொம்ப முக்கியம். செடி வாடறப்ப பாவம்னு உரம் போடறவங்க இருக்காங்க, காஞ்ச மண்ணுல உரம் போட்டா இருக்கற கொஞ்ச தண்ணில உப்பு கெட்டியாகும், வேர் தண்ணிய இழுக்கறது இன்னும் கஷ்டமாயிரும். வாடின செடிக்கு தண்ணி மட்டும், தெளிஞ்சு புது இலை விட்டதுக்கு அப்புறம் உரம்.

படி 6: தண்ணி ஊத்தற பழக்கம்

தெனமும் மேலோட்டமா நனைக்காம, ஆழமா நனைச்சிட்டு மேல் மண்ணு காஞ்சதும் அடுத்த தண்ணி. இடைவெளிய ஒரேயடியா இழுக்காம கொஞ்சம் கொஞ்சமா நீட்டுங்க, வைக்கோல், சருகுன்னு மண்ணு மேல மூடாக்கு போடுங்க. தண்ணி தேங்கற மண்ணுல பூஞ்சையும் வளராது, அதுக்கும் காத்து வேணும்.

படி 7: வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது

கம்போஸ்ட்லயும் மூடாக்குக்குக் கீழயும் வெள்ளை நூல் மாதிரி படந்திருக்கறதப் பாத்துட்டு மைக்கோரைசா வந்துருச்சுன்னு சந்தோஷப்படறாங்க, அது பெரும்பாலும் மக்கற பொருளத் தின்ற பூஞ்சை. ஆர்பஸ்குலர் இழை வெறுங்கண்ணுக்குத் தெரியற சாமான் இல்ல.

தொட்டில சோதிச்சுப் பாக்கலாம், ஆனா இங்க ஒரு பொறி இருக்கு, நல்லா படிச்சவங்களே இதுல விழுவாங்க. பூஞ்சை உள்ள தொட்டி ஒண்ணு, இல்லாத தொட்டி ஒண்ணு வெச்சு, ரெண்டுக்கும் ஒரே நாள்ல தண்ணிய நிறுத்திட்டு எது மொதல்ல வாடுதுன்னு பாப்பாங்க. பல நேரம் பூஞ்சை உள்ளதுதான் மொதல்ல வாடும். ஏன்னா அது நல்லா வளந்து பெருசா இருக்கு, இலை ஜாஸ்தி, சின்னத் தொட்டில இருக்கற தண்ணிய ரெண்டே நாள்ல குடிச்சு முடிச்சிரும், நோஞ்சான் செடி மெதுவா குடிச்சிட்டு நின்னுட்டிருக்கும். பூஞ்சை வேஸ்ட்டுன்னு முடிவு பண்ணிட்டு எழுந்து போயிருவாங்க.

அதனால மூணு கூட்டமா பிரிங்க, கூட்டத்துக்கு அஞ்சு தொட்டியாவது வேணும். மண்ண ஈரமாக்கி அடுத்தடுத்து ரெண்டு நாள், நாளைக்கு ஒரு மணி நேரம் ஆவில வேக வெச்சு, ரெண்டு வாரம் ஆற விடுங்க, வேக வெச்ச உடனே மண்ணுல சில சத்து ஒரேயடியா வெளிய வந்து செடிய பாதிக்கும். முதல் கூட்டத்துக்கு நீங்க தயார் பண்ண பொடி. ரெண்டாவதுக்கு அதே பொடிய வேக வெச்சு கொன்னு போடணும், கூடவே உயிருள்ள பொடியத் தண்ணில கரைச்சு ஃபில்டர் பேப்பர்ல ரெண்டு தடவை வடிகட்டின தண்ணிய ஊத்தணும், அப்பதான் பாக்டீரியா ரெண்டு பக்கமும் ஓரளவு ஒண்ணா இருக்கும், பூஞ்சை மட்டும் வித்தியாசமா நிக்கும். மூணாவது ரெண்டாவது மாதிரியேதான், ஆனா கொஞ்சம் மணிச்சத்து உரம் குடுத்து, செடி முதல் கூட்டத்து செடி சைசுக்கு வர்ற மாதிரி வளக்கணும். இந்த மூணாவது கூட்டந்தான் உயிர்நாடி, பலன் சத்தால மட்டும் வந்துச்சா இல்ல அதுக்கு மேலயும் பூஞ்சை ஏதாவது செய்யுதாங்கறது ஒண்ணையும் மூணையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் தெரியும்.

ஆறு வாரம் கழிச்சு தொட்டிங்கள நல்லா நனைச்சு, வடிஞ்சதும் தராசுல எடை போட்டு எழுதிக்கங்க. தெனமும் ஒரே நேரத்துல எடை போடுங்க, குறைஞ்ச ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி தண்ணி. எல்லாத் தொட்டியயும் நனைச்ச எடைல இருந்து ஒரே அளவு குறைஞ்ச எடத்துல நிறுத்தி வைங்க, ஜாஸ்தி குடிச்ச தொட்டிக்கு ஜாஸ்தி ஊத்தி சமன் பண்ணுங்க. இப்ப மண்ணோட ஈரம் எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணு, இந்த நெலைல எது வாடுது, மறுபடி நல்லா நனைச்சதும் எது சீக்கிரம் நிமிந்து புது இலை விடுதுன்னு பாருங்க.

மைக்ரோஸ்கோப் கெடைச்சா வேரயே பாத்துரலாம். மெல்லிசான வேரக் கழுவி 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல போட்டு, பாத்திரத்த சுடுதண்ணில வெச்சு, வேர் கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் விடுங்க, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தோல்ல பட்டா புண்ணாயிரும். தண்ணில நல்லா அலசிட்டு, வினிகர்ல 5 சதவீதம் ஃபவுண்டன் பேனா இங்க் கலந்து அதுல மூணு நிமிஷம் கொதிக்க விடுங்க, அப்புறம் ரெண்டு சொட்டு வினிகர் விட்ட தண்ணில ஊற வைங்க. இது 1998ல வந்த முறை, எல்லா இங்கும் பிடிக்காது, கறுப்பு ஒண்ணு நீலம் ஒண்ணு ரெண்டும் வெச்சுப் பாருங்க. 100 மடங்குல வேர் நெடுக இழை ஓடறதும் நடுநடுவுல முட்டை மாதிரி பைகளும் தெரியும், 400ல செல்லுக்குள்ள குட்டி மரம் மாதிரி கிளை விட்டது தெரிஞ்சா அதுதான் ஆர்பஸ்கியூல், கொடுக்கல் வாங்கல் நடக்கற எடம். ஒரு சென்டிமீட்டர் வேர்த் துண்டு நூறு எடுத்து எத்தனைல பூஞ்சை இருக்குன்னு எண்ணுங்க. ஆறு வாரத்துக்கு அப்புறமும் ஒண்ணுமே தெரியலன்னா மண்ண மறுபடி மணிச்சத்துக்கு டெஸ்ட் பண்ணுங்க, அது சரியா இருந்தா அடுத்த செட்ல பொடி வேர்ல நேரா படற மாதிரி வெச்சு ஆரம்பிங்க.